முன்னால் போகிறவள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், அந்தக் காலத்தில் நாமெல்லாம் வெயிலில் விளையாடினோம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் செல்போனுக்குள் குடியிருக்கிறார்கள் என்று ஆரம்பித்துவிடுகிறோம். நானும் சேர்ந்து தலையாட்டுவேன். ஆட்டும்போதே உள்ளுக்குள் கூசும். எனக்குப் பதினொரு வயதான கோடையில் நான் வெயிலே படாமல், புனே பக்கம் போசரியில் ஒரு மாடிப்படியின் அடியில் உட்கார்ந்து, இரண்டு மாதம் பூதங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தொடப்போகிறவள் பேசுகிற பேச்சா இது என்று சிரித்துவிட்டுப் போங்கள். ஆனால் அந்த விளையாட்டில் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அப்பா கோயம்புத்தூரிலிருந்து பிழைக்க வந்தவர். போசரியில் ஒரு சின்னப் பட்டறையில் இரும்பு சீவுகிற மில்லிங் மிஷின் ஓட்டினார். அவர் சட்டையில் எப்போதும் கட்டிங் ஆயில் வாசனை இருக்கும். அம்மா எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. எங்கள் கட்டடம் மூன்று மாடி. பின்னால் பிரஸ் ஷாப், முன்னால் பேக்கரி. நாள் முழுக்கப் பின்பக்கம் தகரம் வெட்டுகிற சத்தம், முன்பக்கம் நான்கட்டாய் பிஸ்கட் வேகிற மணம். எங்கள் தொழிற்பேட்டைக்கு வியாழக்கிழமைதான் விடுமுறை. மற்ற ஊர்க்காரர்களுக்கு ஞாயிறு எப்படியோ எங்களுக்கு வியாழன் அப்படி. அன்றைக்கு அந்த பிரஸ் சத்தம் நின்றுபோனால் காது குடைந்த மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் பெரியப்பா மகன், அதாவது என் அண்ணன், புனேயிலேயே இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேப்பர் போய்விட்டதால் ஊருக்குப் போக முகமில்லாமல், லீவுக்கு எங்கள் வீட்டில் வந்து விழுந்தார். படிக்கப் புத்தகம் கொண்டுவந்தாரோ இல்லையோ, விடுதியில் நகலெடுத்த தடிமனான காகிதக் கட்டு ஒன்றும் இலந்தைப்பழம் அளவில் ஒரு நீலப் பகடையும் கொண்டுவந்தார். அந்தப் பகடைக்கு இருபது முகம். வெளிநாட்டிலிருந்து யாருக்கோ யாரோ கொடுத்து, கை மாறிக் கை மாறி அவரிடம் வந்து சேர்ந்தது. எண்களெல்லாம் தேய்ந்து கடுகு அளவுக்குத்தான் தெரியும்.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். கோட்டைக் கதவு மூடியிருக்கிறது, என்ன செய்கிறாய் என்று கதை சொல்கிறவர் கேட்பார். உடைக்கிறேன் என்றோ ஏறிக் குதிக்கிறேன் என்றோ நாம் சொல்ல வேண்டும். முடிந்ததா, மூக்கு உடைந்ததா என்பதைப் பகடை சொல்லும். இதில் ஒருவர் மற்றவரைத் தோற்கடிப்பது கிடையாது. எல்லோரும் சேர்ந்து போக வேண்டும், சேர்ந்து திரும்பி வர வேண்டும். கேரம்போர்டில் காயை ஒளித்துவைத்துச் சண்டை போட்டு வளர்ந்த எனக்கு இது புதுசாக இருந்தது. அண்ணன் கதை சொன்னார், பேக்கரிக்காரர் மகன் வாள் வீரன், நான் வைத்தியச்சி. அவன் மராத்தி, நாங்கள் தமிழ், கதை நடந்தது பாதிக்கு மேல் ஹிந்தியில்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, படிக்கட்டை ஒட்டிய கீழ்வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டுப் பெண் வாசலில் நின்று, என்ன விளையாடுகிறீர்கள், நானும் வரட்டுமா என்று கேட்டாள். அவளுக்கும் என் வயதுதான். ஏழு வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் இல்லை. வாரம் இரண்டு நாள் ஒரு டீச்சர் வந்து, விரலால் தடவிப் படிக்கிற புள்ளி எழுத்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். அவள் அப்பா பாங்கியில் வேலை, நாக்பூருக்கு மாற்றலாகி மாதம் ஒருமுறை வருவார். அவள் அம்மாவை நாங்கள் ஆன்ட்டி என்போம். ஆன்ட்டி அவளைக் கேட் வரைக்கும்கூடத் தனியாக அனுப்பியதில்லை. படிக்கட்டு அடிதானே என்று இதற்கு மட்டும் விட்டார்.

முதல் நாள் படுதோல்வி. அண்ணன் தரையில் சாக்பீஸால் கோட்டை வரைந்து, இங்கே ஒரு கதவு, அங்கே ஒரு பள்ளம் என்று விரலால் காட்டிக் காட்டிக் கதை சொன்னார். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இங்கன்னா எங்கண்ணா?" என்றாள். அண்ணனுக்கு முகம் செத்துப்போயிற்று.

மறுநாளிலிருந்து சட்டம் மாறியது. 'இங்கே', 'அங்கே' என்று சொன்னவர் தன் பங்கு பிஸ்கட்டில் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். பேசுவதற்கு முன் யார் பேசுவது என்று சொல்ல வேண்டும். பேக்கரிப் பையன் அட்டை கொண்டுவந்தான். அம்மாவிடம் கேட்டு சப்பாத்தி மாவு வாங்கிப் பிசைந்து, அட்டைமேல் சுவர் எழுப்பினோம். கொண்டைக்கடலை என்றால் பூதம், ராஜ்மா என்றால் நாங்கள். அவள் விரலால் தடவித் தடவிக் கோட்டை முழுவதையும் நாங்கள் பார்த்ததைவிட நன்றாகத் தெரிந்துகொண்டாள். காலையில் வந்து பார்த்தால் எறும்பு கோட்டையில் பாதியைத் தின்றிருக்கும். மறுபடி கட்டுவோம். அண்ணன் கதையும் அதற்குப் பிறகுதான் கதையாகவே ஆனது. விரலால் காட்ட முடியாது என்றதும் மனிதர் சுவரில் கசிகிற தண்ணீர், வௌவால் நாற்றம் என்று வாயால் சொல்லக் கற்றுக்கொண்டார். அவளுக்காகச் செய்தோம் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டதில் லாபம் எங்களுக்குத்தான்.

அவளுக்கு என்ன வேஷம் என்று வந்தபோது நான் பெரிய மனசோடு என் வைத்தியச்சியை விட்டுக்கொடுத்தேன். பின்னாலேயே நிற்கலாம், அடிபடாது. அவள் வேண்டாம் என்றாள். வேவுக்காரி வேஷம் கேட்டாள். வேவுக்காரிதான் எல்லோருக்கும் முன்னால் இருட்டுக்குள் போய் வழி பார்க்க வேண்டும், பொறியில் முதலில் மாட்டுவதும் அவள்தான். "முன்னாடி போறது நான்" என்று சொல்லிவிட்டு ராஜ்மாவை எடுத்து வரிசையின் தலையில் வைத்தாள்.

பகடை ஒன்றுதான் அவளுக்கு எட்டவில்லை. எண்கள் விரலுக்குத் தட்டுப்படாது. அவள் உருட்டுவாள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் பார்த்துச் சொல்வேன். ஒருநாள் வேவுக்காரி ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. பன்னிரண்டுக்கு மேல் விழ வேண்டும். விழுந்தது மூன்று. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். நான் பதினைந்து என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. பேக்கரிப் பையன் பகடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கண்ணடித்தான். அண்ணனும் பார்த்தார். அவர் கொஞ்ச நேரம் காகிதக் கட்டைப் புரட்டிவிட்டு, சரி, தாண்டிவிட்டாய் என்றார். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து மூன்று பேரும் கூட்டுக் களவாணிகள். அவள் எதை உருட்டினாலும் பதினாலு, பதினேழு. நடுநடுவே சந்தேகம் வராமலிருக்க, அடி படாத இடமாகப் பார்த்து ஒரு ஆறோ ஏழோ சொல்வேன். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. நல்லது செய்கிறோம் என்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதைப்போல ருசியான பண்டம் வேறில்லை.

மே மாதம் பாதியில் அவளே விஷயத்தைச் சொன்னாள். ஆற்றுக்கு அந்தப்பக்கம் பார்வையில்லாத பெண்களுக்கு ஒரு பள்ளி இருக்கிறதாம், விடுதியோடு. அந்த டீச்சர் பேசிவைத்திருந்தார். ஜூனில் திறக்கும்போது சேர்த்துக்கொள்வார்கள். படிவம் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. அப்பா சரி என்றுவிட்டார், ஆன்ட்டிதான் கையெழுத்துப் போடவில்லை. தனியாக இவளால் முடியாது, ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்கக்கூட ஆள் வேண்டும் என்பது ஆன்ட்டியின் கட்சி. அவள் தன் அம்மாவிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தாள்: ஒரே ஒரு வியாழக்கிழமை வந்து உட்கார்ந்து நான் விளையாடுவதைப் பார், பார்த்துவிட்டு முடிவு செய். ஆன்ட்டி ஒப்புக்கொண்டிருந்தார்.

எங்களிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "எனக்கு நானே படிக்கிற மாதிரி ஒரு பகடை வேணும். யாரும் பார்த்துச் சொல்லக் கூடாது."

நான் அப்பாவிடம் போய் நின்றேன். அப்பாவுக்கு இந்த மாதிரி வேலை என்றால் அல்வா. அவளையே கூப்பிட்டு அட்டையில் ஊசியால் ஒன்று முதல் பத்து வரை புள்ளி வைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். பித்தளைக் கம்பி ஒன்றைக் கட்டைவிரல் தடிமனுக்கு எடுத்து, வட்டத்தைச் சம பாகமாகப் பிரித்துத் திருப்புகிற டிவைடிங் ஹெட்டில் மாட்டி, பத்து பட்டையாகச் சீவினார். ஒவ்வொரு பட்டையிலும் ஊசித் துளை போட்டு, பேரிங் குண்டுகளில் ஆகச் சிறியதைப் பொறுக்கி அழுத்தி, புள்ளி எழுந்து நிற்கிற மாதிரி செய்தார். உருட்டினால் ஒரு பட்டை மேலே நிற்கும், விரல் வைத்தால் எண் தெரியும். இருபதுக்குப் பதில் பத்து, அண்ணன் கணக்கைப் பாதியாக்கிக்கொள்வார். மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து செய்தார்.

இங்கேதான் நான் வருகிறேன். கடைசி நாளுக்கு முந்தைய நாள் அப்பாவிடம், "அவ தோத்துட்டா அவங்கம்மா அனுப்ப மாட்டாங்கப்பா. தோக்காத மாதிரி செஞ்சு குடுங்கப்பா" என்றேன்.

அப்பா பித்தளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது தப்பில்லீங்களா அம்மிணி?" என்றார். என்னை ங்க போட்டுப் பேசினால் யோசிக்கிறார் என்று அர்த்தம். நான் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சின்ன எண்கள் இருக்கிற பக்கத்தை ஒட்டி முனையிலிருந்து நீளமாகத் துளை போட்டு, ஈயம் உருக்கி ஊற்றி, வாயைப் பித்தளையால் அடைத்து மெருகு போட்டுவிட்டார். அடைத்த இடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை. ஈயம் கனத்தில் கீழே போகும், எட்டும் ஒன்பதும் மேலே வரும். மில்லிங் மிஷினில் நூலிழை பிசகாத மனிதர், என் பேச்சைக் கேட்டு வேண்டுமென்றே ஒரு சாமானைக் கோணலாகச் செய்தார். அதுதான் அவர் வாழ்க்கையில் முதலும் கடைசியும்.

வியாழக்கிழமை. பிரஸ் சத்தம் இல்லை. ஆன்ட்டி நாங்கள் படியடியில் உட்காரக் கூடாதென்று தங்கள் ஹாலிலேயே பாய் விரித்து, தர்பூசணி வெட்டி வைத்திருந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். தான் செய்த பகடை எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்தவர்போல. பாயில் நாங்கள் நாலு பேரும் அட்டைக் கோட்டையும்.

அவள் உருட்டினாள், விரல் வைத்தாள், "ஒன்பது" என்றாள். கதவு திறந்தது. அடுத்தது எட்டு. அடுத்ததும் ஒன்பது. ஆன்ட்டிக்கு விளையாட்டு புரிந்ததோ இல்லையோ, மகள் யாரையும் கேட்காமல் எண் சொல்வதும், எங்களை இடது பக்கம் வா, குனிந்து வா என்று நடத்திப் போவதும் புரிந்தது. முகம் இளகிக்கொண்டே வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

ஐந்தாவது தடவையும் எட்டு. அவள் எண்ணைச் சொல்லவில்லை. பகடையைக் கையில் எடுத்தாள். அதன் இரண்டு முனைகளையும் இரண்டு கை ஆட்காட்டி விரல்களின் நுனியில் லேசாகத் தாங்கினாள். அது தானாகத் திரும்பி நின்றது. மறுபடி சுற்றிவிட்டாள். அதே பக்கம் கீழே போய் நின்றது. மூன்றாம் முறையும்.

"இதுல கனம் வச்சிருக்கு" என்றாள்.

அண்ணன் ஏதோ சொல்லி மழுப்பப் பார்த்தார். பேக்கரிப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் என் பக்கம் திரும்பி, "இத்தனை நாள் நீ சொன்ன நம்பரு?" என்று கேட்டாள். நான் தர்பூசணித் தட்டை நகர்த்தினேன். அந்தச் சத்தமே பதில் ஆகிவிட்டது.

ஆன்ட்டிக்கு எல்லாம் விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. எழுந்து வந்து மகளின் தலையைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "பாத்தியாம்மா. விளையாட்டுலகூட உன்னைத் தாங்கிப் பிடிக்க நாலு பேரு வேண்டியிருக்கு. அங்க யாரு இருக்கா உனக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டு சொன்னார். படிவம் அன்று சாயங்காலமே ஃப்ரிட்ஜ் மேலிருந்து காணாமல் போனது.

இன்று யோசித்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. அந்த ஹாலில் கண் உள்ளவர்கள் ஐந்து பேர் இருந்தோம். மெருகு போட்ட பித்தளைக்குள் ஈயம் இருப்பதை வெறும் விரல் நுனியில் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்தி. அதுவும் அம்மா எதிரில், தான் ஆசைப்பட்ட பள்ளிக்கூடம் கைக்கு எட்டுகிற நேரத்தில், பேசாமல் இருந்தாலே ஜெயித்துவிடலாம் என்கிற நிலையில், வாயைத் திறந்து உண்மையைச் சொன்னவளும் அவள்தான். விடுதியில் தனியாகச் சமாளிப்பாளா என்று தெரிந்துகொள்ள அதைவிட வேறென்ன பரீட்சை வேண்டும்? அது ஒருவர் மண்டைக்கும் எட்டவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஐயோ பாவம் என்பது மட்டும்தான்.

அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு கீழே போய் மன்னிப்புக் கேட்டார். ஆன்ட்டி எங்களுக்கு டீ கொடுத்து, உங்கள் நல்ல மனசு யாருக்கு வரும் என்றார். கட்டடம் முழுக்க அதே பேச்சாகிவிட்டது. கண் தெரியாத பெண்ணுக்காகப் பித்தளையில் பகடை செய்து கொடுத்த மனிதர் என்று அப்பாவைப் பல வருஷம் புகழ்ந்தார்கள். புகழும்போதெல்லாம் அப்பா எழுந்து உள்ளே போய்விடுவார். என்னையும் புகழ்ந்தார்கள். நான் எழுந்து போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூனில் மழை வந்தது. அண்ணன் விடுதிக்குத் திரும்பினார். நான் ஏழாம் வகுப்புக்குப் போனேன். அவள் வீட்டிலேயே இருந்தாள். டீச்சர் கொஞ்ச நாள் வந்து, பிறகு நின்றுவிட்டார். நான் படியிறங்கும்போது கீழ்வீட்டு ரேடியோ சத்தம் கேட்கும். கதவைத் தட்டினால் ஆன்ட்டிதான் திறப்பார், அவள் தூங்குகிறாள் என்பார். அடுத்த வருஷம் அவர்கள் ஆகுர்டிக்கு வீடு மாற்றிப் போய்விட்டார்கள். மாவுக் கோட்டை இருந்த அட்டையை யாரோ குப்பையில் போட்டுவிட்டார்கள். பித்தளைப் பகடை எங்கே போயிற்று என்று அப்பாவிடம் கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.

போன வருஷம் ஒரு கல்யாணத்தில், அந்த நாளில் தொட்டில் குழந்தையாக இருந்த அவள் தம்பியைப் பார்த்து, முகவரி வாங்கிப் போனேன். முப்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு. ஆன்ட்டி இப்போது இல்லை. அவள் தம்பி வீட்டில் இருக்கிறாள். அவனுடைய ஆட்டோ ஸ்பேர் கடைக்கு வருகிற போன்களெல்லாம் அவள்தான் எடுக்கிறாள், நூற்றுக்கணக்கான சாமான்களின் எண் அவளுக்கு மனப்பாடம். புள்ளி எழுத்து பாதிக்குமேல் மறந்துவிட்டதாம். தலை என்னைவிட அதிகமாக நரைத்திருந்தது. என் குரலைக் கேட்டதும் சிரித்தாள். பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்த பிறகு நான் மெதுவாக ஆரம்பித்தேன். பகடையில் ஈயம் வைக்கச் சொன்னது அப்பா இல்லை, நான்தான் என்றேன். நீ ஜெயித்து அந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்றுதான் செய்தேன் என்றேன். என்னை மன்னித்துவிடு என்றேன்.

அவள் சேலை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "நீ சொன்ன நம்பரெல்லாம் பொய்யின்னு எனக்கு முன்னாடியே தெரியும்டி. அதனாலதான் வேற பகடை கேட்டேன்" என்றாள். பிறகு சொன்னாள். "அன்னிக்கு நான் ஜெயிக்கணும்னு வந்து உட்காரல. பத்து தடவை உருட்டினா ரெண்டு மூணு தடவையாவது பள்ளத்துல விழுவேன்ல? நீங்க கயிறு போடுவீங்க. நான் ஏறி வந்து, மறுபடியும் முன்னாடி போவேன். அதை எங்கம்மா ஒரே ஒரு தடவை பாக்கணும்னு நெனச்சேன். விழுந்தா ஒண்ணும் ஆயிடாதுன்னு பாக்கணும். நீங்க யாருமே என்னை விழ விடல."

தம்பி மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் அழப் பார்த்தேன், முடியவில்லை. அவளுக்குக் கேட்டது. சமாதானம் சொல்லவோ கையைப் பிடிக்கவோ அவள் வரவில்லை. அழ விட்டாள்.